14-இல் 2: சார்கோமாவில் வைரஸ் வேலை செய்யுமா என்று முன்கூட்டியே சொல்வது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எலும்பிலும், தசை, கொழுப்பு, நரம்புறை போன்ற மென்திசுக்களிலும் தோன்றும் புற்றுநோய்களுக்குச் சார்கோமா என்பது பொதுப்பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது ஏறத்தாழ 1 சதவீதம்தான். குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் பங்கு பல மடங்கு அதிகம். இந்தச் சிறிய கூட்டத்துக்குள் 70-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதைச் சொல்லவே வேண்டாம். எலும்பில் தோன்றும் ஆஸ்டியோசார்கோமாவுக்கு மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்ற மருந்துகளின் கூட்டுதான் பல பத்தாண்டுகளாக முதல் சிகிச்சை. அதைத் தாண்டி நோய் நுரையீரலுக்குப் போய்விட்டால் கையில் மிச்சமிருக்கும் வழிகள் மிகக் குறைவு.

புற்றுநோயைக் கொல்லும் வைரஸ்கள் மீது சார்கோமா மருத்துவர்களுக்கு இருக்கும் ஆர்வம் இங்கிருந்துதான் வருகிறது. வைரஸின் மரபணுவை மாற்றி, நல்ல செல்லில் பெருக முடியாமலும் புற்றுச் செல்லில் மட்டும் பெருகும்படியும் செய்கிறார்கள். அது செல்லுக்குள் பெருகி, செல்லை உடைத்து, அடுத்த செல்லுக்குப் போகிறது. உடைந்த செல்லிலிருந்து வெளியேறும் பொருள்கள் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தட்டி எழுப்புகின்றன. 2015-இல் அமெரிக்காவில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற டி-வெக், 2021-இல் ஜப்பானில் மூளைக்கட்டிக்கு நிபந்தனையோடு அனுமதி பெற்ற ஜி47 டெல்டா ஆகிய இரண்டும் ஹெர்பிஸ் வைரஸிலிருந்து உருவாக்கப்பட்டவை. சார்கோமாவுக்கென்று அப்படி ஓர் அனுமதி இன்னும் வரவில்லை.

மெலனோமாவிலேயே டி-வெக் எல்லோருக்கும் வேலை செய்வதில்லை. 436 பேர் பங்கேற்ற பெரிய ஆய்வில், வைரஸ் கொடுக்கப்பட்டவர்களில் 16.3 சதவீதம் பேருக்குத்தான் நீடித்து நிற்கும் பலன் கிடைத்தது. எதிரே இருக்கும் நோயாளி நூற்றில் அந்த 16 பேரில் ஒருவராக இருப்பாரா, மீதி 84 பேரில் ஒருவராக இருப்பாரா என்று ஊசி போடும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? சார்கோமாவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. வேகமாக வளரும் கட்டியோடு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை வரும்போது, பலன் தராத சிகிச்சையில் கழியும் ஒவ்வொரு வாரமும் திரும்பி வராது.

இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு குறிப்பிட்ட நிகழ்வு. ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகக் குழு 2011-இல் வெளியிட்ட சோதனை அது. அதன் முடிவுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வெற்றி பெற்ற பகுதியைவிடத் தோற்ற பகுதிதான்.

நிகழ்வு

அந்தக் குழுவின் வைரஸ் ஓபிபி-301. சாதாரண சளிக்குக் காரணமான அடினோவைரஸ் வகை 5-தான் அடிப்படை. வைரஸ் பெருகத் தேவையான ஈ1ஏ, ஈ1பி மரபணுக்களை டெலோமரேஸ் மரபணுவின் தூண்டுப்பகுதியோடு இணைத்துவிட்டார்கள். குரோமோசோம் முனைகளை நீட்டும் டெலோமரேஸ் நொதி பெரும்பாலான புற்றுச் செல்களில் ஓடிக்கொண்டிருக்கும், நல்ல செல்களில் பெரும்பாலும் அணைந்திருக்கும். ஆகவே டெலோமரேஸ் ஓடும் இடத்தில் மட்டும் வைரஸ் பெருகும் என்பது திட்டம்.

இந்த வடிவமைப்பைப் பார்க்கும் எவரும் முதலில் ஊகிப்பது இதைத்தான்: டெலோமரேஸ் அதிகமுள்ள கட்டியில் வைரஸ் நன்றாக வேலை செய்யும், இல்லாத கட்டியில் தோற்கும். சரி, சார்கோமாவில் இதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பல சார்கோமாக்கள், குறிப்பாக ஆஸ்டியோசார்கோமாக்கள், டெலோமரேஸையே பயன்படுத்துவதில்லை. குரோமோசோம் முனைகளை வேறொரு மாற்று வழியில் நீட்டிக்கொள்கின்றன. ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் யு2ஓஎஸ், சாவோஸ்-2 என்ற இரண்டு ஆஸ்டியோசார்கோமா செல் வரிசைகளும் (ஆய்வகத் தட்டில் தொடர்ந்து வளர்க்கப்படும் புற்றுச் செல்கள்) இந்த மாற்று வழிக்காரர்களே. ஊகத்தின்படி இவற்றில் வைரஸ் தோற்றிருக்க வேண்டும்.

எலும்பு, மென்திசு சார்கோமாக்களிலிருந்து வந்த 14 செல் வரிசைகளில் வைரஸைப் போட்டுப் பார்த்தார்கள். 12 வரிசைகளில் அது நன்றாகவே கொன்றது. 2 வரிசைகள் தப்பின. மாற்று வழியில் முனை நீட்டும் செல்களிலும் வைரஸ் வேலை செய்தது. ஏனென்றால் வைரஸின் ஈ1ஏ புரதமே செல்லுக்குள் போனபின் அந்தத் தூண்டுப்பகுதியை உசுப்பிவிட்டது. அணைந்திருந்த விளக்கை உள்ளே போனவனே ஏற்றிக்கொண்ட கதை.

தப்பிய 2 வரிசைகளுக்குப் பொதுவாக இருந்தது வேறொரு குறை. அடினோவைரஸ் செல்லுக்குள் நுழைய ஒட்டிக்கொள்ளும் காக்ஸாக்கி–அடினோவைரஸ் ஏற்பி அவற்றின் மேற்பரப்பில் இல்லை என்றே சொல்லலாம். வைரஸின் கொல்லும் திறன் அந்த ஏற்பியின் அளவோடு பொருந்தி நின்றது, டெலோமரேஸின் அளவோடு அப்படிப் பொருந்தவில்லை. விளக்கம் சரிதானா என்று சோதிக்க அதே வைரஸின் இன்னொரு வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். ஓபிபி-405 என்ற அந்த வடிவம் இன்டெக்ரின் என்ற வேறு மேற்பரப்புப் புரதத்தைப் பிடித்துக்கொண்டும் நுழையக்கூடியது. தப்பிய வரிசைகள் அதற்குப் பணிந்தன.

இந்தக் கடைசிப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏதோ ஒரு குறியீடு பலனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று காட்டிவிட்டு நிறுத்தும் கட்டுரைகள் ஏராளம். காரணம் என்று கருதியதை மாற்றினால் விளைவும் மாறுகிறதா என்று பார்த்தவை குறைவு. இங்கே நுழைவழியை மாற்றினார்கள், முடிவும் மாறியது. ஏற்பி இல்லாததுதான் தடை என்று அதன் பிறகு துணிந்து சொல்லலாம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை

முதலில், வைரஸை வடிவமைத்தவர்கள் எந்தப் பண்பைக் குறிவைத்தார்களோ அந்தப் பண்பு முன்கணிப்புக் குறியாக இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. வடிவமைப்பு பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. பலனைத் தீர்மானிப்பது சங்கிலியில் மிகப் பலவீனமான கண்ணி. அந்தக் கண்ணி எது என்பது கட்டிக்குக் கட்டி மாறும். ஓபிபி-301-க்கும் இந்தச் செல்களுக்கும் இடையே அது நுழைவாயிலாக இருந்தது.

இரண்டாவது, இந்தப் பாடத்தை அப்படியே நோயாளியிடம் கொண்டுபோக முடியாது. ஆய்வகச் செல் வரிசைகள் பல ஆண்டுகளாகத் தட்டில் வளர்ந்து பழகியவை. நோயாளியிடமிருந்து எடுத்த ஆஸ்டியோசார்கோமா செல்களில் இந்த ஏற்பி பெரும்பாலும் குறைவு. நெதர்லாந்துக் குழு ஒன்று இதே காரணத்தால் 2004-இலேயே இன்டெக்ரின் வழியாக நுழையும் அடினோவைரஸை ஆஸ்டியோசார்கோமாவில் சோதித்திருந்தது. 14-க்கு 12 என்ற தேர்ச்சி விகிதத்தை மருத்துவமனைக்கான விகிதமாக எடுத்துக்கொண்டால் பெரிய ஏமாற்றம்தான் காத்திருக்கும்.

தட்டில் எலும்புத் தாதுப்பொருளும் இல்லை, கொலாஜன் சுவரும் இல்லை. நிஜ ஆஸ்டியோசார்கோமா தானே எலும்பைச் சுரந்து அதற்குள் புதைந்து கிடக்கும். பத்து சென்டிமீட்டர் கட்டியின் ஒரு மூலையில் போட்ட ஊசி மறுமூலைக்குப் போய்ச் சேர்வது சாதாரண விஷயமல்ல. எலிச் சோதனையும் முழு உதவி செய்யாது. மனிதக் கட்டியை எலிக்குள் வளர்க்க வேண்டுமானால் எலிக்கு நோய் எதிர்ப்பு ஊனமாக இருக்க வேண்டும். கதையின் பாதி அங்கேயே விடுபட்டுப்போகிறது.

உள்ளே போனபின் என்ன ஆகிறது

ஒகயாமா நிகழ்வு நுழைவாயிலைப் பற்றிச் சொன்னது. அதற்கு அடுத்த கதவைப் பற்றிச் சொன்னது ஜெர்மனியின் டியூபிங்கன் குழு. அவர்கள் 2013-இல் 8 சார்கோமா செல் வரிசைகளில் தட்டம்மைத் தடுப்பூசி வைரஸைச் சோதித்தார்கள். இந்த வைரஸுக்கு வாசல் ஒரு பிரச்சினையே அல்ல. அது பயன்படுத்தும் சிடி46 ஏற்பி கிட்டத்தட்ட எல்லாப் புற்றுச் செல்களிலும் தாராளமாக இருக்கும். இருந்தாலும் சில வரிசைகள் எளிதில் செத்தன, சில எதிர்த்து நின்றன. எதிர்த்தவற்றில் ரிக்-ஐ, இஃபிட்1 போன்ற வைரஸ் எதிர்ப்பு மரபணுக்கள் வைரஸைக் கண்டதும் வேகமாக எழுந்தன. அந்தச் செல்களில், வைரஸ் நுழைந்ததும் செல் சுரக்கும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரானின் பாதுகாப்பு இன்னும் உயிரோடு இருந்தது.

பல புற்றுச் செல்கள் வளரும் போக்கில் இந்தப் பாதுகாப்பை இழந்துவிடுகின்றன. இழந்தவை வைரஸுக்கு இரை. இழக்காதவை தாக்குப்பிடிக்கும். மேயோ கிளினிக் குழு 2018-இல் மூளைக்கட்டி நோயாளிகளிடம் இதையே கண்டது. இன்டர்ஃபெரான் சார்ந்த மரபணுக்கள் ஏற்கெனவே கட்டிக்குள் எரிந்துகொண்டிருந்தால் தட்டம்மை வைரஸ் குறைவாகவே பெருகியது. 22 மரபணுக்களை வைத்து அதற்கொரு கணக்கீட்டையும் அமைத்தார்கள். நோயாளியின் திசுவையே வைத்துச் செய்த முன்கணிப்பு என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

அப்படியானால் ஏற்பி, இன்டர்ஃபெரான் இரண்டையும் அளந்து ஒரு மதிப்பெண் போட்டுவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் விஷயம் முரண்டு பிடிக்கிறது.

வைரஸைத் தடுக்கும் அதே இன்டர்ஃபெரான்தான் புற்றுச் செல்களைத் தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களைக் கட்டிக்குள் அழைக்கவும் செய்கிறது. ஸ்டிங் என்ற எச்சரிக்கைப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இழந்த புற்றுச் செல்லில் ஹெர்பிஸ் வைரஸ் தாராளமாகப் பெருகும் என்பது பெருங்குடல் புற்று, மெலனோமா செல்களில் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் எச்சரிக்கை மணி அறுந்த கட்டி நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கூப்பிடுவதிலும் மந்தமாகத்தான் இருக்கும். வைரஸ் பெருக நல்ல கட்டியும், நோய் எதிர்ப்பு எழும்ப நல்ல கட்டியும் பல நேரங்களில் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. ஒரே எண்ணில் இரண்டையும் அடக்கினால் ஒன்று மற்றதை அழித்து, நடுவில் பொருளற்ற ஒரு மதிப்பெண்தான் மிஞ்சும். சார்கோமாவுக்கான முன்கணிப்பு முயற்சிகள் பலவும் தடுமாறும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

மனிதர்களிடம் என்ன நடந்தது

முதலில் ஹெர்பிஸ் வைரஸ் ஹெச்எஸ்வி1716. அமெரிக்காவில் மூளைக்கு வெளியே கட்டிகள் கொண்ட 9 இளம் நோயாளிகளுக்குக் கட்டிக்குள்ளேயே ஊசியாகக் கொடுத்துப் பார்த்த முதல்கட்ட ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. பாதுகாப்பில் பெரிய சிக்கல் இல்லை. சிலரின் ரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருள் பிறகு தென்பட்டது, அதாவது உள்ளே பெருகியிருக்கிறது. ஆனால் யாருக்கும் கட்டி கணக்கில் வரும் அளவுக்குச் சுருங்கவில்லை. முதல்கட்ட ஆய்வின் நோக்கம் பாதுகாப்புதான் என்பதை மறக்கக் கூடாது. என்றாலும், வைரஸ் நுழைந்தது, பெருகியது, கட்டி சுருங்கவில்லை என்ற இந்த மூன்றும் சேர்ந்து ஒன்றைச் சொல்கின்றன. தட்டில் அளக்கக்கூடிய இரண்டு கேள்விகளுக்கும் சாதகமான பதில் கிடைத்தாலும் அது போதாது.

அப்புறம் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்து ஆய்வு. அதன் முடிவு 2020-இல் வெளிவந்தது. முற்றிய சார்கோமா உள்ள 20 பேருக்கு டி-வெக் வைரஸையும் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 7 பேருக்குக் கட்டி சுருங்கியது. சார்கோமாவில் 35 சதவீதம் என்பது நிமிர்ந்து உட்கார வைக்கும் எண்தான்.

பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுத்துப் பார்த்த சார்க்028 ஆய்வில், மென்திசு சார்கோமா உள்ள 40 பேரில் 7 பேருக்குப் பலன் கிடைத்திருந்தது. 40-இல் 7, 20-இல் 7. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வைரஸ் பலனை இரட்டிப்பாக்கியது போல் தெரியும். அப்படிப் படிப்பது தவறு. நியூயார்க் ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை. இரண்டிலும் இருந்த சார்கோமா வகைகளும் வேறு வேறு. சார்க்028-இலேயே வகைக்கு வகை வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள்: வகைப்படுத்த முடியாத பிளியோமார்ஃபிக் சார்கோமாவில் 10-க்கு 4, லியோமயோசார்கோமாவில் 10-க்கு 0, தனியாகச் சேர்க்கப்பட்ட எலும்புச் சார்கோமாக் குழுவில் ஆஸ்டியோசார்கோமாவுக்கு 22-க்கு 1. யாரைச் சேர்த்தோம் என்பதே விகிதத்தை இரண்டு மடங்காக்கவும் பாதியாக்கவும் போதும்.

ஆனால் வகையின் பெயர் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2020-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் தலைமையில் 600-க்கும் மேற்பட்ட மென்திசு சார்கோமாக்களின் மரபணு வெளிப்பாட்டை அலசி, நோய் எதிர்ப்புச் செல்களின் அடிப்படையில் ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார்கள். பி செல்களும், நிணநீர் முடிச்சு போன்ற சிறு திரள்களும் நிறைந்த வகுப்பு பெம்ப்ரோலிசுமாபுக்கு நன்றாக இசைந்தது. அந்த வகுப்பைச் சேர்ந்த கட்டிகள் வெவ்வேறு பெயருள்ள சார்கோமாக்களிலிருந்து வந்தவை. நோயியல் அறிக்கையின் முதல் வரியில் இருக்கும் பெயர் சொல்லாத ஒன்றை இது சொல்கிறது.

நாய்களிடமிருந்து வந்த ஒரு சான்றையும் இங்கே சேர்க்கிறேன். நாய்களுக்கு ஆஸ்டியோசார்கோமா தானாகவே வரும். அவற்றின் நோய் எதிர்ப்பு மண்டலம் முழுமையாக இருக்கும். அதனால் ஊனமுற்ற எலியைவிட நாய் நம்பகமான சாட்சி. மினசோட்டா பல்கலைக்கழகமும் மேயோ கிளினிக்கும் சேர்ந்து, காலை அகற்றும் அறுவைக்கு முன்பு வெசிகுலர் ஸ்டோமடைட்டிஸ் வைரஸை ரத்த நாளம் வழியாகக் கொடுத்தன. சில நாய்கள் எதிர்பார்த்ததைவிட வெகுகாலம் வாழ்ந்தன, பெரும்பாலானவற்றுக்கு அந்த நீட்சி கிடைக்கவில்லை. நீண்டகாலம் வாழ்ந்தவற்றில் பெரும்பாலானவற்றின் கட்டியில் டி செல் சார்ந்த மரபணுத் தொகுதி ஓங்கியிருந்தது. பிரான்ஸிலும் மினசோட்டாவிலும் சுட்டுவிரல் ஒரே பக்கம்தான், கட்டிக்குள் இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் பக்கம்தான், நீள்கிறது.

அப்படியானால் எப்படிச் சோதிப்பது

ஒரே சோதனையில் ஒரே விடை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிட வேண்டும். நுழைவு, பெருக்கம், நோய் எதிர்ப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியாக அளந்து, தனித்தனியாகவே எழுதி வைக்க வேண்டும். குறை எந்த இடத்தில் என்று தெரிந்தால் மாற்று வழியும் தெரியும். ஏற்பி இல்லையென்றால் வேறு வாசல் வழியே போகும் வைரஸ். இன்டர்ஃபெரான் பலமென்றால் அதைத் தாங்கும் வைரஸ், அல்லது அந்தப் பாதையைச் சில நாள் தணிக்கும் மருந்து. டி செல்களே இல்லாத கட்டியென்றால் வைரஸை மட்டும் நம்பாமல் கதிர்வீச்சையோ வேறு துணையையோ யோசிக்க வேண்டும். "இந்த நோயாளிக்கு வைரஸ் சிகிச்சை பொருந்தாது" என்ற வாக்கியத்தைவிட "இந்த வைரஸ் இந்தக் கட்டியின் வாசலில் நிற்கும்" என்ற வாக்கியம் மருத்துவருக்கும் நோயாளிக்கும் பல மடங்கு உதவும்.

நுழைவையும் பெருக்கத்தையும் பார்க்கச் செல் வரிசையைவிட நல்ல வழி, அறுவையில் எடுத்த புதுத் திசுவை மெல்லிய வில்லைகளாக வெட்டி உயிரோடு வைத்து, அதிலேயே வைரஸைப் போட்டுப் பார்ப்பது. கட்டியின் அமைப்பும் அதனுள் இருக்கும் மற்ற செல்களும் ஓரளவு அப்படியே இருக்கும். சில நாளில் விடை வரும். அதன் குறை, ரத்தத்திலிருந்து புதிதாக வரும் டி செல்கள் அங்கே கிடையாது. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பொருள்களும் அந்த வில்லையில் தெரியாது. மேயோ கிளினிக் 2014-இல் வெளியிட்ட, மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் உள்ள ஒருவரின் கதையில், ரத்த நாளம் வழியாகப் போன தட்டம்மை வைரஸ் முழுப் பலன் தந்ததற்கு அவரிடம் தட்டம்மை எதிர்ப்பொருள் மிகக் குறைவாக இருந்தது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. ரத்த வழியில் கொடுப்பதென்றால் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்காமல் எந்த முன்கணிப்பும் முழுமையாகாது. கட்டிக்குள் நேரடியாக ஊசி போட்டால் இதன் தாக்கம் குறைவு.

நோய் எதிர்ப்பைப் பொறுத்தவரை, முன்கூட்டியே சொல்வதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அதனால் முதல் ஊசிக்குப் பிறகு இரண்டாவது முறை பார்ப்பதைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். முதல் ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரத்தில் இன்னொரு திசு எடுத்தால், முன்பு டி செல் இல்லாத இடத்தில் இப்போது வந்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இப்போதைய நிலையில் இதைவிட நேர்மையான முன்கணிப்பு இல்லை. திசு எடுக்க முடியாத இடமென்றால், அயோடின் கடத்திப் புரதத்தைச் சுமக்கும் வைரஸ்கள் இருக்கின்றன. மேலே சொன்ன நாய் ஆய்வின் வைரஸும் அந்த வகைதான். கதிரியக்கத் தடங்காட்டியைச் செலுத்தி ஸ்கேன் எடுத்தால் வைரஸ் எங்கே பெருகுகிறது என்று படத்தில் தெரியும். சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடத்தைக் காட்டும் சாதாரணப் பெட் ஸ்கேனை மட்டும் நம்ப வேண்டாம். வைரஸ் கிளப்பும் அழற்சியும் சர்க்கரையை இழுக்கும். வேலை செய்யும் சிகிச்சையே நோய் முற்றுவது போல் படத்தில் தெரியலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கைகூட வேண்டிய ஒரு சின்ன விஷயம் உண்டு. எலும்புத் திசுவை நுண்ணோக்கிக்குத் தயார் செய்ய, பல ஆய்வகங்களில் அதை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணத்தை நீக்குகிறார்கள். அமிலம் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். அப்புறம் அந்தத் திசுவில் இன்டர்ஃபெரான் மரபணுக்களையோ டி செல் தொகுதியையோ நம்பி அளக்க முடியாது. புரதச் சாயச் சோதனைகளும் பாதிக்கப்படும். எலும்புச் சார்கோமாக்கள் இந்த முன்கணிப்பு ஆய்வுகளில் மென்திசுச் சார்கோமாக்களுக்குப் பின்னால் நிற்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தீர்வு எளிது. அறுவை அரங்கிலேயே திசுவின் மென்மையான ஒரு துண்டைப் பிரித்து, அமிலத்தைத் தொடவிடாமல் உடனே உறையவைக்க வேண்டும். அப்படிப் பிரிக்க முடியாத அளவுக்குக் கடினமான திசுவுக்கு, அமிலத்துக்குப் பதிலாக மெதுவாக வேலை செய்யும் ஈ.டி.டி.ஏ. கரைசலைப் பயன்படுத்தலாம். அறிக்கை வரச் சில நாள் கூடும். முதல் திசுப் பரிசோதனைக்கான கோரிக்கைத் தாளிலேயே இதை எழுதிவிட வேண்டும், ஏனென்றால் கீமோதெரபி தொடங்கிய பின் எடுக்கும் திசு வேறொரு கட்டியைப் போலத்தான் இருக்கும்.